பட்டை வரைவதற்கு முன்

'தகவல் செயலாக்கம்' பாடம் பல வகுப்பறைகளில் ஒரே மாதிரிதான் நடக்கிறது. புத்தகத்தில் அட்டவணை தயாராக இருக்கிறது: ஐந்து பழங்கள், ஐந்து எண்கள். பிள்ளைகள் அளவுகோல் வைத்துப் பட்டை வரைந்து வண்ணம் தீட்டுகிறார்கள். "அதிகம் எது, குறைவு எது?" என்று கேட்டு முடித்துவிடுகிறோம். யார் எண்ணினார்கள், எதற்காக எண்ணினார்கள் என்ற பேச்சே எழுவதில்லை. இந்தப் பாடத்தின் கணிதத்தில் பெரும்பகுதி அட்டவணைக்கு முன்பே இருக்கிறது. அதைத்தான் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிடுகிறோம்.

மூன்றாம் வகுப்பில் "பள்ளிக்கு எப்படி வருகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். நடந்து, சைக்கிளில், பஸ்ஸில், ஆட்டோவில் என்று கரும்பலகையில் எழுதியதுமே சிக்கல் தொடங்கும். பஸ்ஸை விட்டு இறங்கி அரை கிலோமீட்டர் நடக்கும் பிள்ளை எங்கே கோடு போடுவது? அப்பாவின் பைக்கில் வருபவளுக்குத் தலைப்பே இல்லை. காலையில் ஆட்டோ, மாலையில் நடை என்பவன் இரண்டுக்கும் கை தூக்குவான். கூட்டிப் பார்த்தால் வகுப்பில் இருப்போரைவிடக் கோடுகள் அதிகமாக இருக்கும். அவசரப்பட்டு நாம் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. "காலையில் அதிகத் தூரம் எதில் வருகிறோமோ அதையே எண்ணுவோம்" என்று அவர்களே பேசி ஒரு விதிக்கு வரட்டும். எண்ணுவதற்குப் பின்னால் யாரோ எடுத்த முடிவு இருக்கிறது என்பதை எட்டு வயதில் கண்டுகொண்ட பிள்ளை, பின்னாளில் செய்தித்தாளில் வரும் எண்களை அப்படியே விழுங்காது.

நேர்க்கோட்டுக் குறிகள் ஒரே வகுப்பில் பழகிவிடும். பட விளக்கப்படத்துக்குத்தான் கவனம் வேண்டும். பஸ்ஸைப் பெரிதாகவும் சைக்கிளைச் சிறிதாகவும் வரைவார்கள். மூன்று பஸ் ஐந்து சைக்கிளைவிட நீண்டு நிற்கும். ஒரே அளவில் வெட்டிய தாள்களைக் கொடுத்து ஒரே கோட்டிலிருந்து அடுக்கச் சொன்னால், பட்டை வரைபடத்துக்கு அடிக்கோடு ஏன் வேண்டும் என்பதும் சேர்ந்தே புரியும்.

வரைபட வாசிப்பைக் கணிதக் கல்வி ஆய்வாளர் ஃபிரான்சிஸ் கர்சியோ 1987இல் மூன்று படிகளாகப் பிரித்தார்: தரவை வாசிப்பது, தரவுகளுக்கு இடையே வாசிப்பது, தரவைத் தாண்டி வாசிப்பது. "நடந்து வருபவர் எத்தனை பேர்?" முதல் படி. "சைக்கிளில் வருவோரைவிட அவர்கள் எத்தனை பேர் அதிகம்?" இரண்டாவது. "மழைக்காலத்தில் எண்ணினால் எப்படி மாறும்?" மூன்றாவது. நாம் கேட்பவை பெரும்பாலும் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன. ஐப்பசி அடைமழையில் ஒரு முறையும் தை மாதத்தில் ஒரு முறையும் எண்ணி இரு படங்களையும் அருகருகே ஒட்டுங்கள். மூன்றாம் படிக்கான கேள்விகளைப் பிள்ளைகளே கேட்பார்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கண்டதையெல்லாம் எண்ணச் சொல்லக் கூடாது. அப்பாவின் வேலை, வீட்டின் கூரை, நேற்று இரவுச் சாப்பாடு என்று வகுப்பின் முன் கை தூக்கச் சொன்னால் சில பிள்ளைகள் தலைகுனிவார்கள்; சிலர் பொய் சொல்வார்கள். பொய்த் தரவு பாடத்தைக் கெடுக்கும், அந்தத் தலைகுனிவு பிள்ளையைக் கெடுக்கும். வாசலில் போகும் வண்டிகள், வகுப்பு நூலகத்தில் எடுத்த புத்தகங்கள், எந்தக் கிழமையில் வருகை குறைகிறது என்பவை போதும்.

பருவத் தேர்வு வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டை வரைபடத்தின் கீழ் "இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாதது எது?" என்று ஒரு கேள்வியைச் சேருங்கள். நடந்து வருபவர்களின் வீடு பக்கத்தில் இருக்கிறதா, பஸ் இல்லாததால் நடக்கிறார்களா என்பது படத்தில் இல்லை என எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.