செல் செத்தால் அது மருந்தாகிவிடுமா?

தமிழகப் பல்கலைக்கழகங்களின் மூலிகைப் புற்றுநோய் ஆய்வேடுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் ஊர்ப்பெயர் புனே. ‘செல் வரிசைகள் புனே தேசிய உயிரணு அறிவியல் மையத்திலிருந்து பெறப்பட்டன’ என்ற வரி ஏறக்குறைய ஒரு வாய்பாடாகிவிட்டது. 1986இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் நாடெங்கும் உள்ள ஆய்வகங்களுக்குச் செல்களைப் பேணி வளர்த்து அனுப்புகிறது. அப்பணி போற்றத்தக்கது. குறை, செல்கள் வந்து சேர்ந்தபின் இங்கு நடப்பதில் இருக்கிறது.

பறித்த இலை நிழலில் உலர்த்தப்படுகிறது, மெத்தனாலில் ஊறுகிறது, அதன் சாறு எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுச் செல்களின் மீது ஊற்றப்படுகிறது. எம்டிடி சோதனையில் ஊதா நிறம் குறைகிறது. உடனே ‘புற்றுநோய் எதிர்ப்பு ஆற்றல்’ என்று தலைப்பு எழுந்துவிடுகிறது. உண்மையில் நிறுவப்பட்டது ஒன்றே: அந்தச் செறிவில் அச்செல்களின் வளர்சிதை மாற்றம் குறைந்தது. உப்பைக் கூடுதலாகக் கரைத்து ஊற்றினாலும் அது குறையும்.

‘இயல்பான செல்களுக்குத் தீங்கில்லை’ என்ற அடுத்த கூற்று இதனினும் வலுவற்றது. இயல்பான கல்லீரல் செல் என்று பல கட்டுரைகள் பயன்படுத்தும் ‘சாங் லிவர்’ வரிசை உண்மையில் ஹீலா செல்களால் மாசுபட்டது. அதாவது அது கருப்பைவாய்ப் புற்றுச் செல். அது மெய்ப்பிக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகியும் பழக்கம் மாறவில்லை. புற்றுச் செல்லையே சான்றாக நிறுத்தி நலமான உறுப்புக்குப் பாதுகாப்புச் சான்று வழங்குவதை ஆய்வு என்று எப்படி அழைப்பது?

செல்லைக் கொல்வதற்கும் மருந்தாவதற்கும் உள்ள தொலைவைச் சொல்லப் புனேயை அடுத்த சகியாத்திரி மலைக்காடுகளிலேயே ஒரு மரம் நிற்கிறது. மராத்தியர் அதனை நரக்யா என்பர். சீன மரமொன்றிலிருந்து வால், வானி ஆகியோர் 1966இல் பிரித்தெடுத்த காம்ப்டோதெசின் இம்மரத்திலும் உண்டென 1972இல் அறிவித்தவர்கள் கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும். முன்னவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். அச்சேர்மம் புற்றுச் செல்லைக் கொன்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மனிதரிடம் சோதித்தபோது எலும்பு மச்சை ஒடுங்கியது. சிறுநீர்ப்பையில் குருதி கசிந்தது. 1970களின் தொடக்கத்தில் சோதனைகள் நிறுத்தப்பட்டன. அது தாக்கும் நொதி 1985இல்தான் தெரியவந்தது. அதன் வழித்தோன்றலான டோபோடெகான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 1996இல். இம்முப்பது ஆண்டுகளின் பெரும்பகுதியை விழுங்கியது நச்சுத்தன்மை பற்றிய கேள்வியே.

‘முன்னோர் உண்டது, தீங்கு செய்யாது’ என்பது வழக்கமான விடை. ஆடுதின்னாப்பாளையும் முன்னோர் அறிந்த மூலிகைதான். அதன் பேரினமான அரிஸ்டோலோக்கியாவைச் சேர்ந்த சீன மூலிகை ஒன்று பெல்ஜியத்தில் உடல் மெலிவு மாத்திரைகளில் தவறுதலாகக் கலந்தது. உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகத்தை அகற்றிக்கொண்ட 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்று இருந்ததென 2000ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று. உண்டவுடன் வரும் வாந்தியை மரபு கண்டறியும். ஆண்டுகள் கழித்து வரும் புற்றை எந்த மூலிகையோடு அது இணைக்கும்? எலிக்கு ஒரே வேளை கொடுத்துப் பதினான்கு நாள் பார்த்து முடிக்கும் சோதனையும் அதனைக் காணாது. மேலும், மரபு சொன்னது கஷாயம். சேராங்கொட்டை போன்றவற்றுக்குச் சுத்தி முறையையும் அது வகுத்தது. மெத்தனால் சாற்றுக்கு அந்த மரபைச் சான்றாக அழைக்க யாருக்கும் உரிமையில்லை.

நிதியும் காலமும் இல்லை என்ற ஆய்வாளரின் முறையீடு நியாயமானது. தொண்ணூறு நாள் நச்சியல் ஆய்வை ஒரு மாணவர் தம் உதவித்தொகையில் செய்ய இயலாது. செய்யாதது குற்றமன்று, செய்ததுபோல் தலைப்பிடுவதே குற்றம். சாறு தானே எம்டிடியை நிறமாற்றுகிறதா என்று செல் இல்லாத குழியில் பார்க்கவும், செல்லின் அடையாளத்தைச் சரிபார்க்கவும், தலைப்பில் ‘செல் வளர்ப்பில் நச்சுத்தன்மை’ என்று மட்டும் எழுதவும் பெருநிதி வேண்டியதில்லை.

அத்தலைப்பு நாளிதழ்ச் செய்தியாகும்போது, கீமோதெரபிக்கு நாள் குறிக்கப்பட்ட ஒருவர் அதனைப் படிக்கக்கூடும். ஆகவே வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை விழுக்காடு செல் இறந்தது என்பதன்று. இச்சாற்றை ஒரு மனிதர் உண்டால் அவருடைய கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன ஆகும் என்பதே. விடை இல்லையெனில் ஆய்வேட்டின் தலைப்பைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பட்டும்.