சியாவைச் சாப்பிடுங்கள், சாப்பாட்டை விடாதீர்கள்

அக்காவின் கலியாணத்துக்கு ஆறு கிழமை இருக்கும்போது நான் காலைச் சாப்பாட்டை விட்டேன். அதற்குப் பதிலாக ஒரு கிளாஸ் தண்ணீர், அரைத் தேசிக்காய், ஒரு மேசைக்கரண்டி சியா. வீடியோவில் சொன்னபடியேதான். "என்ன பிள்ளை, பிட்டு ஆறுது, சாப்பிடேல்லையோ?" என்று அம்மா கேட்பா. "இதுதான் அம்மா சாப்பாடு" என்று போத்தலைத் தூக்கிக் காட்டுவேன்.

மூன்றாம் கிழமை ரொறன்ரோ சப்வேயில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. முன்னால் இருந்த ஒரு வயசான பெண் எழும்பி எனக்கு இடம் தந்தா. எனக்கு அப்போது வயது 20.

அதனால்தான் எழுதுகிறேன். சியா நல்ல சாமான். ஆனால் அது சாப்பாட்டுக்குள் போட வேண்டியது, சாப்பாட்டின் இடத்தில் வைக்க வேண்டியது இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி சியா சுமார் 12 கிராம். அதில் ஏறக்குறைய 60 கலோரியும் 2 கிராம் புரதமும் 4 கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. ஒரு கரண்டிக்கு இது நல்ல கணக்கு. ஆனால் விடிய எழும்பிக் கம்பஸுக்குப் போய், பின்னேரம் வேலைக்கும் போகிற ஒரு ஆளின் காலைச் சாப்பாட்டுக்கு இது எந்த மூலைக்குக் காணும்? சியா தன் எடையைப்போல் பத்து மடங்கு தண்ணீரை இழுத்து ஊதும். வயிறு நிரம்பின மாதிரி இருக்கும். நிரப்பியது தண்ணீர்.

"உடம்பைக் கழுவும்" என்கிறார்கள். நார்ச்சத்து கழிவறைக்கு அனுப்பும், அவ்வளவுதான். உடம்பைச் சுத்தம் செய்கிற வேலையை ஈரலும் சிறுநீரகமும் சம்பளம் கேட்காமல் செய்துகொண்டிருக்கின்றன. "மீனை விட ஒமேகா 3 கூட" என்கிறார்கள். சியாவில் இருப்பது ஏ.எல்.ஏ. என்ற வகை. மீனில் இருக்கிற ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. வகைகளாக அதை மாற்ற உடம்பால் கொஞ்சம்தான் முடியும். மீன் சாப்பிடுகிற ஆள் என்றால் அம்மாவின் மீன்குழம்பைத் தள்ளி வைக்க இது காரணம் இல்லை.

"அஸ்டெக் வீரர்களின் இரகசியம்" என்றும் பைக்கற்றில் போடுகிறார்கள். சியாவின் சொந்த இடம் மெக்சிகோவும் குவாத்தமாலாவும். அஸ்டெக் அரசுக்கு ஊர்கள் கட்டிய வரியில் சியாவும் இருந்ததை 1540களில் வரையப்பட்ட மென்டோசா கோடெக்ஸ் காட்டுகிறது. அதே பட்டியலில் சோளமும் அவரையும் இருக்கின்றன. அந்த மக்கள் சியாவை வறுத்து மாவாக்கிச் சோளமாவோடு சேர்த்தும் சாப்பிட்டார்கள். இன்றைக்கும் மெக்சிகோவில் சியாவைத் தேசிக்காயும் சீனியும் போட்டுக் குடிக்கிறார்கள், தாகத்துக்கு. வீடியோக்காரர் அந்தப் பானத்தை எடுத்து, சீனியையும் சோளத்தையும் விட்டுவிட்டு, பட்டினியை மட்டும் சேர்த்து எங்களுக்கு விற்கிறார்.

எங்கள் ஆட்களிடமும் ஒரு வார்த்தை. "இது எங்கட கசகசாதானே" என்று சொல்லாதீர்கள். பலூடாவில் மிதக்கிற கசகசா, தமிழ்நாட்டில் சப்ஜா என்பார்கள், அது திருநீற்றுப்பச்சை வகையின் விதை. சியா வேறு செடி. குடும்பம் ஒன்று, ஆள் வேறு. கசகசா சில நிமிடத்தில் ஊறிவிடும், சியாவுக்கு நேரம் வேண்டும்.

சரி, எப்படிச் சாப்பிடுவது? முதலில் செய்யக்கூடாதது: காய்ந்த சியாவைக் கரண்டியோடு வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்காதீர்கள். அமெரிக்காவில் அப்படிக் குடித்த 39 வயது ஆள் ஒருவருக்கு விதை உணவுக்குழாயிலேயே ஊதி அடைத்தது. வைத்தியர்கள் அதை 2014இல் ஒரு மருத்துவ மாநாட்டில் விவரித்தார்கள்.

ஒரு மேசைக்கரண்டி சியாவுக்கு ஆறு மேசைக்கரண்டி தண்ணீர். கலக்குங்கள், ஐந்து நிமிடம் கழித்து இன்னொருமுறை கலக்குங்கள், இல்லாவிட்டால் அடியில் கட்டியாகும். இருபது நிமிடத்தில் கூழாகிவிடும். மூடி பிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாளுக்குக் காணும்.

அந்தக் கூழில் இரண்டு கரண்டியை மோருக்குள் விடுங்கள், உப்பும் பச்சைமிளகாயும் சின்னவெங்காயமும் போட்டு. தயிர்ச்சோற்றில் கலக்குங்கள், தெரியவே தெரியாது. குரக்கன் கஞ்சியை இறக்கிய பிறகு சேருங்கள். தேங்காய்ப்பாலும் கித்துள் பாணியும் மாம்பழமும் போட்டால் பின்னேரப் பலகாரம் தயார். தேங்காய்ப்பூ ரொட்டிக்கு மாக் குழைக்கும்போது இரண்டு கப் மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி காய்ந்த சியா போடலாம், தண்ணீர் கொஞ்சம் கூட விட்டு, பத்து நிமிடம் மூடி வைத்தால் சரி. முட்டை சாப்பிடாத ஆள் என்றால், ஒரு மேசைக்கரண்டி அரைத்த சியாவோடு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் கலந்து பான்கேக்கில் ஒரு முட்டைக்குப் பதிலாகப் போடுங்கள். பழக்கம் இல்லாதவர்கள் நாளுக்கு ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, தண்ணீரும் நன்றாகக் குடியுங்கள். ஒரே நாளில் கூட்டினால் வயிறு பேசும்.

இதில் ஒன்றுகூடப் பிட்டுக்குப் பதில் இல்லை. எல்லாம் பிட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறதுதான்.

கலியாணத்துக்கு முதல்நாள் பிளவுஸ் இறுக்கமாகத்தான் இருந்தது. தைத்த அன்ரி சிரித்துக்கொண்டே உள்பக்கத்தைக் காட்டினா. இரண்டு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் துணி விட்டுத்தான் தைத்திருந்தா. பத்து நிமிடத்தில் பிரித்துத் தந்தா. அந்தப் பத்து நிமிட வேலைக்காக நான் ஆறு கிழமை பட்டினி கிடக்கப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கும் ஒரு கலியாணம் வரும். துணியைப் பிரியுங்கள். சாப்பிடுங்கள்.