பழைய அம்பாசடரும் புதிய விறைப்பும்

"மெத்தென்று ஆடும் வண்டி வளைவில் கைவிட்டுவிடும், விறைத்து நிற்கும் வண்டியே சாலையைக் கவ்விப் பிடிக்கும்." நம் விடுதியில் மோட்டார் வண்டிகளைப் பற்றிப் பேசும் நண்பர்களிடையே இது வேதவாக்காக உலவி வருகிறது. பழைய கார் ஒன்று கைக்கு வந்தவுடன் அதன் சஸ்பென்ஷனைக் கெட்டிப்படுத்துவதே முதற்கடமை என்று அவர்கள் எண்ணுகிறார்கள். அவர்களுடைய ஆர்வத்தை நான் பழிக்கவில்லை. பழைய வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளாமல் காப்பாற்ற நினைப்பவர்கள் யாவரும் என் கட்சியே. ஆனால் அந்த வாக்கு பிழையானது. நம் சாலைகளிலோ ஆபத்தானதும் ஆகும். என் குடும்பத்தில் நடந்ததைச் சொல்லியே இதை விளக்க வேண்டும். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பெருமைப்படத் தக்க பங்கு அன்று.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிப் புனேக்கு வந்த குடும்பம் எங்களுடையது. முதலில் வந்தவர் பெரியப்பா. அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் என் தந்தை. பெரியப்பாவிடம் 1986-ஆம் ஆண்டு அம்பாசடர் ஒன்று உண்டு. 1991-இல் இரண்டாங்கையாக வாங்கினார். நாங்கள் பிறந்தபோது மருத்துவமனையிலிருந்து எங்களை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், அத்தை மகளின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை அழைத்து வந்ததும் அந்த வண்டிதான். அம்பாசடரின் பரம்பரையை அறியாதவர் இருக்கமாட்டீர்கள்: 1956-இல் இங்கிலாந்தில் வெளிவந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசையின் வாரிசு, வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவாகி, 2014-இல் உற்பத்தி நின்றது. முன்சக்கரங்களைத் தாங்குவது டார்ஷன் பார் எனப்படும் முறுக்குத் தண்டு. பின்னச்சைத் தாங்குவது ஸ்பிரிங் பட்டைகளின் அடுக்கு.

பெரியப்பாவின் எழுபதாம் பிறந்தநாளுக்கு அண்ணன் ஒரு பரிசு கொடுக்க எண்ணினார். அண்ணன் என்றது பெரியப்பாவின் மூத்த மகனை. நல்ல வேலையில் இருப்பவர், தந்தைமேல் உயிரையே வைத்திருப்பவர். வண்டி வளைவுகளில் மிகவும் சாய்கிறது, பிரேக் பிடித்தால் மூக்கைக் குத்துகிறது என்று அவருக்கு நெடுநாள் குறை. ஒரு பட்டறையில் (பெயர் வேண்டாம்) முன்னால் பழைய தண்டுகளைவிடப் பத்தில் ஒரு பங்கு தடித்த முறுக்குத் தண்டுகளைக் கடைந்து பொருத்தினார்கள். பின்னால் ஐந்து பட்டைகளோடு ஆறாவது பட்டை ஒன்றைச் செருகினார்கள். ஷாக் அப்ஸார்பர்களைத் தொடவில்லை. "அது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்களாம்.

நான் அப்போது பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. முதலாண்டு. தணிவுறும் அலைவின் சமன்பாட்டைப் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பட்டறைக்காரர் சொன்னதில் ஏதோ இடிக்கிறது என்று தோன்றியது. வாய் திறக்கவில்லை. அண்ணன் மூத்தவர், பட்டறைக்காரர் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர், நானோ ஸ்பானரைச் சரியாகப் பிடிக்கவும் அறியாதவன். அந்த மரியாதைக்குப் பின்னால் கோழைத்தனமும் கொஞ்சம் ஒளிந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

2024 ஜூலையில், நல்ல மழைக்காலத்தில், வாயியில் கிருஷ்ணைக் கரையிலுள்ள பெரிய பிள்ளையாரைத் தரிசித்துவிட்டுப் பஞ்சகனிவரை போய் வருவதென்று கிளம்பினோம். கம்பாட்கி மலைப்பாதையிலேயே பெரியம்மா இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தியெடுத்தார். முப்பது ஆண்டுகளாக அதே பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டு போனவர் அவர். திரும்பும்போது பசர்ணி மலைச்சரிவில் ஒரு வளைவு. தார் பெயர்ந்து அலையலையாகக் கிடந்தது; அதன்மேல் மழைநீர். வேகமுள் நாற்பதைத் தொடவில்லை. வண்டியின் பின்பாகம் தத்தித் தத்தி வெளிப்பக்கமாக நகர்ந்தது, தவளை போல. கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் இருக்கையில் நின்றது. எதிரே பால் கேன்களோடு மோட்டார் சைக்கிளில் ஏறி வந்தவர் காலை ஊன்றி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் காயமில்லை.

பெரியப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சாவியை அண்ணனிடம் நீட்டி, "கை போயிட்டுலே. இனி நான் ஓட்டக்கூடாது" என்றார்.

என்னை உறுத்தியது விபத்தைவிட இந்தச் சொல்தான். அவர் கை போகவில்லை என்று எனக்குத் தெரியும். எதனால் என்றும் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டமுடியும். அன்றிரவு போட்டேன்.

சஸ்பென்ஷன் எதற்காக இருக்கிறது? பயணியின் சுகத்துக்கு என்பது பாதி விடை. சக்கரத்தைத் தரையோடு வைத்திருப்பது மறுபாதி. அதுவே முக்கியப் பாதி. திருப்புவதும் நிறுத்துவதும் எல்லாம் நான்கு உள்ளங்கையளவு ரப்பர் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும்தான். மேட்டில் ஏறிய சக்கரம் மேலெழும்பி அந்தரத்தில் இருக்கிற கணத்தில் ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினால் என்ன? மேடு வரும்போது வில் வளைந்துகொடுத்தால் சக்கரம் மட்டும் ஏறி இறங்கும். வில் விறைத்தால் வண்டியே தூக்கியெறியப்படும். சக்கரமும் கூடவே துள்ளும். கண்ணாடி போன்ற பந்தயப் பாதையில் விறைத்த வில் நன்மையே செய்யும், மறுக்கவில்லை. பசர்ணிச் சரிவு பந்தயப் பாதையா?

இனிக் கணக்கு. முறுக்குத் தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் விறைப்பும் பத்தில் ஒரு பங்கு கூடும் என்றுதான் பட்டறையில் எண்ணியிருப்பார்கள். 1.1-ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள்: 1.46. அதாவது 46 விழுக்காடு! கண்ணுக்குத் தெரியாத ஒரு தடிப்பு வண்டியின் குணத்தையே மாற்றிவிடுகிறது. பின்னால் அதே அளவிலான ஆறாவது பட்டையைச் செருகியதால் கூடியது ஏறக்குறைய 20 விழுக்காடு.

இதோடு நின்றாலும் பரவாயில்லை. வில் சேமித்து வைத்த ஆற்றலை வெப்பமாக்கித் தொலைக்கும் வேலை ஷாக் அப்ஸார்பருடையது. ஒரு வில்லுக்கு எவ்வளவு தணிவு வேண்டும் என்பது வில்லின் விறைப்புக்கும் அது தாங்கும் நிறைக்கும் உள்ள பெருக்கத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. விறைப்பு 1.46 மடங்கானால் தேவைப்படும் தணிவு 1.21 மடங்காகும். ஷாக் அப்ஸார்பர் பழையதாகவே இருந்தால், அது புத்தம் புதிதாயிருந்தால்கூட, தணிவு விகிதம் முன்னிருந்ததைவிட 17 விழுக்காடு குறைந்துபோகிறது. எங்கள் வண்டியிலோ எண்ணெய் கசிந்து செத்துப்போன ஷாக் அப்ஸார்பர்கள். வண்டியைக் கெட்டிப்படுத்துகிறோம் என்று சொல்லி அதை இன்னும் ஆட்டங்காணச் செய்திருக்கிறோம்!

பெரியம்மாவின் வாந்திக்கும் விளக்கம் உண்டு. மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ரோல்ஸ் ராய்ஸில் பழகி, பின்னர் அமெரிக்காவில் காடிலாக் நிறுவனத்துக்குச் சென்றவர். 1932-இல் எடைக்கற்களை இடம் மாற்றி வைக்கக்கூடிய ஒரு பெரிய சோதனை வண்டியைக் கட்டி, எந்த அமைப்பில் உடம்பு நோகாமல் போகமுடிகிறது என்று ஆராய்ந்தார். முன்வில் பின்வில்லைவிட மெதுவாக அலைய வேண்டும் என்பது அவர் கண்ட முடிவுகளில் ஒன்று. காரணம் எளிது. மேட்டை முதலில் சந்திப்பது முன்சக்கரம். பின்சக்கரம் சற்றுப் பிந்திச் சந்திக்கிறது. பின்வில் விரைவாக அலைந்தால் முன்னதை எட்டிப் பிடித்துவிடும். வண்டி முழுவதும் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்கும். அப்படியன்றி முன்புறம் விரைந்து அலைந்தால் வண்டி ஏற்றமரம் போல் முன்னும் பின்னும் ஆடும். எங்கள் பட்டறை முன்னால் 46, பின்னால் 20 என்று கூட்டியது. ஆலி சொன்னதற்கு நேர் எதிர்த் திசையில் வண்டியை நகர்த்தியது. பெரியம்மா ஆலியைப் படித்ததில்லை. அவர் வயிறு படித்திருக்கிறது.

"அப்படியானால் சாய்வு? வளைவில் வண்டி சாய்கிறதே!" என்று கேட்கும் நண்பருக்கு ஒரு விடை. வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு எடை மாறுவது உண்மை. எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிப்பவை வண்டியின் எடை, வளைவின் வேகம், புவியீர்ப்பு மையத்தின் உயரம், சக்கரங்களுக்கிடையே உள்ள அகலம் ஆகியவையே. வில்லின் விறைப்புக்கு அதில் பெரிய பங்கில்லை. அந்த மாற்றத்தை முன்னச்சும் பின்னச்சும் எப்படிப் பங்கிட்டுக்கொள்ளும் என்பதை மட்டுமே அது முடிவுசெய்கிறது. சாய்வதாலேயே பிடிப்பு போய்விடாது. 1948-இல் வந்த பிரெஞ்சு வண்டி சிட்ரோயன் 2சிவி வளைவில் படகு போல் சாயும். ஆனாலும் சாலையை விடாது. 1962-இல் வந்த லோட்டஸ் எலான், விளையாட்டு வண்டிகளிலேயே ஓட்டுவோர் இன்றும் போற்றுகிற வண்டி, மென்மையான வில்லும் தேர்ந்த தணிவும் கொண்டது. சாய்வு பயமுறுத்தும் அளவுக்கு இருந்தால் முன்னால் ஆன்டி-ரோல் பார் என்னும் குறுக்குத் தண்டைப் பொருத்தலாம். நேர்ச்சாலையில் இரு சக்கரமும் ஒன்றாக எழும்போது அது தலையிடாது. சாயும்போது மட்டும் முறுக்கிக்கொள்ளும். பின்னால் மட்டும் பொருத்துவது வால் வழுக்க வழிசெய்யும்.

கணக்கை அண்ணனிடம் காட்டினேன். அவர் முகம் சுளித்தார், கைநீட்டி அடிக்கவில்லை. வேறொரு பட்டறையில் பழைய தண்டுகளைத் திரும்பப் பொருத்தினோம். ஆறாவது பட்டையை எடுத்தோம். நான்கு ஷாக் அப்ஸார்பர்களும் புதிதாயின. அதற்குப் பிறகு பார்த்ததுதான் என்னைத் திகைக்க வைத்தது: ரப்பர் புஷ்கள். முப்பத்தெட்டு ஆண்டு வெயிலிலும் கிரீஸிலும் கிடந்து சில கல்லாகிவிட்டன. சில பிய்ந்து கையோடு வந்தன. ஒரு கடப்பாறையை வைத்து மெக்கானிக் நெம்பியபோது சக்கரத்தைத் தாங்கும் கை ஒரு விரலளவு நகர்ந்தது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சக்கரம் தானாகவே திசை மாறிக்கொண்டிருந்திருக்கிறது! பெரியப்பா இத்தனை காலம் அதை உணர்ந்து ஸ்டியரிங்கில் ஈடுகட்டியே ஓட்டியிருக்கிறார். கை போனவரா அவர்? பாலியூரிதேன் புஷ் போடலாமா என்று மெக்கானிக் கேட்டார். அது நெடுநாள் உழைக்கும். இரைச்சலும் அதிர்வும் கூட்டும். ரப்பரே போதும் என்றோம்.

டயர்களும் மாறின. நான்கும் ரேடியல். பணமில்லையென்று இரண்டு மட்டும் மாற்ற நினைப்பவர்கள் ரேடியலை முன்னால் மட்டும் போட்டுப் பழைய குறுக்குநூல் டயரைப் பின்னால் விட்டுவிடாதீர்கள். பின்பாகம் முதலில் பிடியிழக்கும். சக்கரங்களின் நேர்த்தியையும் பார்த்துச் சரிசெய்தோம். கணக்குப் பார்த்தால் அண்ணனின் பரிசுக்கு ஆன செலவைவிடக் குறைவுதான்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்றில் கண்ட தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. தேய்ந்ததை அதே வகையால் புதுப்பிப்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

பழையதைப் பழையபடியே வைப்பதை மேம்பாடு என்று எப்படிச் சொல்வது என்று நண்பர் ஒருவர் கேட்டார். பழையபடி என்று யார் சொன்னது? அந்த வண்டியை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். தேயாத அம்பாசடர் எப்படி ஓடும் என்பதை நான் அதுவரை அறிந்ததேயில்லை. நீங்கள் குறைசொல்லும் பழைய வண்டியும் அநேகமாக அப்படித்தான்: பொறியாளர் வரைந்த வண்டியை நீங்கள் ஓட்டிப் பார்த்ததில்லை, அதன் மிச்சத்தைத்தான் ஓட்டியிருக்கிறீர்கள். முதலில் வண்டியின் ஒரு மூலையைப் பலமாக அழுத்திக் கையை எடுங்கள். எழுந்து ஒருமுறை இறங்கி நின்றுவிட்டால் நல்லது. மூன்று நான்கு முறை ஆடினால் தடித்த தண்டுக்கு விலை கேட்காதீர்கள். ஷாக் அப்ஸார்பருக்குக் கேளுங்கள். நம் வகுப்பறையில் கரும்பலகையில் வரையும் அந்தத் தேயும் அலைக்கோடுதான் அது. பலகையில் அதைக் கண்டால் தலையாட்டுகிறோம்; வண்டிக்கடியில் கண்டால் அடையாளம் தெரியவில்லை.

பெரியப்பாவை மறுபடி ஸ்டியரிங்கின் முன் உட்காரவைக்க மூன்று வாரம் ஆயிற்று. முதல் நாள் கட்கிவரை ஓட்டினார். மறுவாரம் கத்ரஜ் மலைப்பாதையில் ஏறி இறங்கினார். ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது மட்டும், "ஏலே, இது நம்ம வண்டிதானா?" என்று கேட்டார்.

அண்ணன் இன்னும் முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல ஷாக் அப்ஸார்பரோடு தடித்த தண்டைப் போட்டிருந்தால் சரியாயிருக்கும் என்று வாதிடுகிறார். அந்தத் தண்டுகளை எண்ணெய் தடவிப் பரணில் பத்திரமாக வைத்திருக்கிறார். நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் வண்டியாயிருந்தால் அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டுதான். பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்ட தேங்காய் இன்னும் பாக்கி இருப்பதால் மறுபடியும் வாயிக்குப் போகிறோம். பெரியப்பா ஓட்டுகிறார். அண்ணன் இந்தமுறை பின்னிருக்கையில் தன் பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்று பெரியம்மா சொல்லிவிட்டார்.