எஸ்பிரஸோ மெஷினும் எங்க ஊர் உப்புத்தண்ணியும்

பொங்கலுக்கு தஞ்சாவூர் வீட்டுக்கு எஸ்பிரஸோ மெஷின் வந்து சேர்ந்தது. வாங்கினது அடியேன்தான். திட்டறவங்க வரிசைல வரவும் :-)

முதல் நாளே கும்பகோணத்துல வாங்கின சிக்கரி கலந்த தூளைப் போட்டு அமுக்கினேன். மெஷின் முக்கி முனகி நாலு சொட்டு விட்டுச்சு. அம்மா எட்டிப் பார்த்துட்டு, "பித்தளை ஃபில்டரே தேவலையேடா"ன்னுட்டு போயிட்டாங்க.

தப்பு மெஷின் மேல இல்ல. ஃபில்டர்ல டிகாக்ஷன் மெதுவா தானா இறங்கும். இங்கே 9 பார் அழுத்தத்துல, அரை நிமிஷத்துக்குள்ள வெளியே வரணும். அதுக்கு சிக்கரி இல்லாத கொட்டையும், அப்பப்ப அரைக்க நல்ல கிரைண்டரும் வேணும். என்னைக் கேட்டா பாதிக் காசு கிரைண்டருக்குத்தான். பெட்டில போட்டிருக்கிற 15 பார், பம்போட உச்ச அளவு; அதைப் பார்த்து மயங்காதீங்க.

பெரிய வில்லன் எங்க வீட்டு போர் தண்ணி. வெந்நீர்ப் பாத்திரத்துல வெள்ளையா படியுதே, அதுவேதான் மெஷின் குழாய்க்குள்ளயும். ரெண்டே மாசத்துல தண்ணி வரத்து குறைஞ்சுது. சிட்ரிக் ஆசிட் கரைச்சு ஓட்டி, ரெண்டு டேங்க் நல்ல தண்ணில அலசின பிறகுதான் உயிர் வந்துச்சு. பால் நுரைக்கிற குழாயையோ உடனே துடைக்கணும். காஞ்சா சுரண்டல்தான்.

பித்தளை ஃபில்டர்ல ஓட்டை அடைச்சா, நெருப்புல காட்டித் தட்டினா வேலை முடிஞ்சுது. அதனால, கழுவப்போறது யாருன்னு முடிவு பண்ணிட்டு மெஷின் வாங்குங்க மக்களே. ஐயா ஆசைப்பட்டு வாங்குவார், அம்மாவும் தங்கமணியும் கழுவுவாங்கங்கறது அநியாயம். எங்க வீட்டுல அந்த வேலை என்னோடதுன்னு எழுதாத ஒப்பந்தம். காலைல அம்மா கையால டிகிரி காபி, சாயங்காலம்தான் மெஷின்.