பெட்டி வைத்தவரும் பட்டியல் காத்தவரும்

2000-ஆம் ஆண்டு மே 1 நள்ளிரவு வரை, சாதாரண மக்கள் கையிலிருந்த ஜிபிஎஸ் கருவிக்குத் திட்டமிட்டே பொய் சொல்லப்பட்டு வந்தது. அமெரிக்க ராணுவம் தன் செயற்கைக்கோள் சமிக்ஞையில் பிழை கலந்துதான் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டது. எதிரி அதை வைத்துக் குறிபார்த்துவிடக் கூடாதே என்ற அச்சம். நாம் நிற்கும் இடத்தைக் கருவி சுமார் 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். நடுக்கடலில் கப்பல் ஓட்டுபவருக்கு அது போதும். புதருக்கடியில் ஒரு டப்பாவைத் தேடுபவருக்குப் போதாது. 100 மீட்டர் ஆரமுள்ள வட்டம் என்றால் கிட்டத்தட்ட எட்டு ஏக்கர். அன்றிரவு கிளிண்டன் அரசு அந்தக் கலப்படத்தை நிறுத்தியது. பிழை பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததில், எட்டு ஏக்கர் எட்டு சென்ட்டாகச் சுருங்கியது. எட்டு சென்ட் மனைக்குள் ஒரு வாளியைத் தேடிவிட முடியும்.

மே 3 அன்று ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் ஊருக்கு அருகே டேவ் உல்மர் என்ற கணினி ஆலோசகர் ஒரு கறுப்பு வாளியை வைத்தார். வடக்கு 45° 17.460, மேற்கு 122° 24.800 என்ற எண்களை இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் புத்தகங்கள், மென்பொருள், வீடியோ கேசட், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டின் அவரை வகைப் பயறு. கூடவே ஒரு குறிப்பேடும் பென்சிலும். கண்டுபிடிப்பவர் ஏதாவது எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு ஏதாவது வைக்க வேண்டும், பெயரை எழுதிவிட்டுப் போக வேண்டும். விதி அவ்வளவுதான். சில நாட்களிலேயே வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரைச் சேர்ந்த மைக் டீக் அதைக் கண்டுபிடித்தார். மாத முடிவில் மேட் ஸ்டம் என்பவர் இந்த வேடிக்கைக்கு ஜியோகேச்சிங் என்று பெயரும் வைத்தார்.

இந்த விளையாட்டின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் உல்மரின் வாளியோடு தொடங்கி அங்கேயே மயங்கி நின்றுவிடுகிறார்கள். எனக்கு டீக் செய்த வேலைதான் பெரிதாகப் படுகிறது. வாளியைக் கண்டுபிடித்த மனிதர், மற்றவர்கள் ஆங்காங்கே வைக்கத் தொடங்கிய பெட்டிகளின் எண்களையெல்லாம் தேடி எடுத்துத் தன் சொந்தப் பக்கத்தில் வரிசையாக எழுதி வைத்தார். யாரும் கேட்கவில்லை, யாரும் கூலி தரவில்லை. சியாட்டிலில் இணையப் பக்கங்கள் வடிவமைத்துக்கொண்டிருந்த ஜெரமி ஐரிஷ் அந்த ஜூலையில் இதைக் கேள்விப்பட்டு, டீக்கின் பட்டியலைப் பெற்றுச் செப்டம்பர் 2 அன்று தனித் தளமாகத் திறந்தார். அன்று உலகம் முழுவதிலும் அறியப்பட்ட பெட்டிகள் 75. இன்று முப்பது லட்சத்துக்கு மேல். மண்ணில் வைத்த டப்பா மழையில் நனையும், நாய் கடிக்கும், யாராவது தூக்கிப்போவார்கள். அது எங்கே இருந்தது, யார் வந்தார்கள், இன்னும் இருக்கிறதா என்று சொல்லும் பட்டியல் இல்லாவிட்டால், அது யாரோ காட்டில் போட்ட குப்பைதான்.

செயற்கைக்கோளுக்கு வெகு முன்பே இந்த ஆசை மனிதர்களுக்கு இருந்தது. இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்புவெளியில், 1854-இல், சாக்ஃபோர்டைச் சேர்ந்த வழிகாட்டி ஜேம்ஸ் பெரட் கிரான்மியர் குளத்தருகே ஒரு புட்டியை வைத்தார். அவ்வளவு தூரம் சேற்றில் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். பிற்பாடு தபால் அட்டை வைக்கும் வழக்கமும் வந்தது. அடுத்து வருபவர் அதை எடுத்துப்போய் அஞ்சலில் சேர்ப்பார். டார்ட்மூரைப் பற்றியே வாழ்நாளெல்லாம் எழுதிய வில்லியம் கிராசிங்கின் நினைவாக டக்ஸ் பூல் என்ற இடத்தில் 1938-இல் ஒரு பெட்டி வைத்தார்கள். முதல் புட்டிக்கும் இதற்கும் இடையே 84 ஆண்டுகள். அத்தனை காலத்தில் அந்த வெளியில் சேர்ந்த பெட்டிகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அதனால் அங்கே காவலரும் வேண்டியிருக்கவில்லை, சட்டமும் வேண்டியிருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் பெருகியபோதுதான், பழங்காலக் கற்சின்னங்களில் வைக்காதே, சுவர்க் கல்லைப் பெயர்க்காதே என்ற நெறிகள் எழுந்தன.

டார்ட்மூர் ஒரு நூற்றாண்டு எடுத்துக்கொண்டு கற்றதை ஜியோகேச்சிங் பத்தே ஆண்டில் கற்க வேண்டியிருந்தது. 2010-இல் பெட்டிகள் பத்து லட்சத்தைத் தொட்டுவிட்டன. அந்த அவசரத்தின் தழும்புகள்தான் இன்றைய விதிகள். உல்மரின் முதல் வாளி மண்ணில் பாதி புதைத்து வைக்கப்பட்டது. இன்று பெட்டிக்காகக் குழி தோண்டவே கூடாது. வாளிக்குள் உணவு டின் இருந்தது. இன்று உணவு வைக்கக் கூடாது, விலங்குகள் பெட்டியைக் கிழித்துவிடும். ஆக, எல்லாவற்றுக்கும் தாயான அந்த வாளியைப் பதிய இன்று யாராவது விண்ணப்பித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதைக் கேலியாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு நல்ல அடையாளமாகவே தோன்றுகிறது. தோற்றுவித்தவரின் தவறையும் தவறு என்று எழுதிவைக்கும் துணிவு எல்லா இயக்கங்களுக்கும் வாய்ப்பதில்லை.

தோண்டக் கூடாது என்ற விதியின் பின்னால் அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. தொடக்கத்திலேயே பூங்கா நிர்வாகம் சினந்தது. அனுமதியின்றி விட்டுச்செல்லப்படும் பொருள் அவர்கள் கண்ணில் கைவிடப்பட்ட உடைமை. தடத்தை விட்டு விலகிச் செடிகளை மிதிக்கும் தேடலும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆட்டக்காரர்கள் சண்டை போட்டிருக்கலாம். அதற்குப் பதிலாகப் பெட்டியே இல்லாத வகைகளை உருவாக்கினார்கள். 2004-இல் பிறந்த எர்த்கேச் அவற்றில் சிறந்தது. அமெரிக்க நிலவியல் கழகத்தோடு சேர்ந்து வகுத்த வழி அது. குறித்த இடத்துக்குப் போய், பாறையின் மடிப்பையோ மணற்படிவையோ பார்த்து, கேட்ட கேள்விக்கு விடை அனுப்ப வேண்டும். தொட எதுவுமில்லை, எடுக்க எதுவுமில்லை. விரட்டிய பூங்காக்களே இதை வரவேற்கத் தொடங்கின.

அடுத்த தழும்பு இன்னும் ஆழமானது. 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு, கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டி என்பதற்கு உலகெங்கும் ஒரே பொருள்தான். ரயில் நிலையத்தில் சந்தேகப் பொருளைத் தொடாதீர்கள் என்ற அறிவிப்பைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். போர்க்காலத்துக் கொழும்புப் பேருந்தில் இருக்கைக்கடியில் குனிந்து பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். இந்த விளையாட்டு நம் பக்கம் பெரிதாக வேர்விடாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி ஊரில், ஒரு சிற்றுண்டிக் கடை வாசலில் யாரோ ஒருவர் எதையோ குனிந்து வைப்பதைக் கண்டு காவல்துறைக்குத் தகவல் போனது. தெருவை அடைத்தார்கள். ராணுவத்தின் வெடிகுண்டுப் பிரிவு வந்து அதை வெடிக்கவைத்து அழித்தது. அது ஒரு ஜியோகேச் பெட்டி. அதன்பின் பிரிட்டனில் நகர்ப்புறப் பெட்டிகளுக்கான நெறிகள் இறுகின. பாலம், ரயில் பாதை, பள்ளி, ராணுவ இடம் ஆகியவற்றின் அருகே வைக்கத் தடை ஏற்கெனவே பல நாடுகளில் இருந்ததுதான். ஆனாலும் ஒரு பெட்டி வெடித்துச் சிதறிய பிறகே விதியின் பொருள் பலருக்கு உறைத்தது.

சட்டமன்றமும் எட்டிப்பார்த்தது. தென் கரோலினாவில் 2005-இல், கல்லறைகளிலும் தொல்லியல் இடங்களிலும் அனுமதியின்றிப் பெட்டி வைப்பதைக் குற்றமாக்கும் மசோதா கீழவையில் நிறைவேறியது. சட்டமாகவில்லை. கல்லறையில் உறவினரைப் புதைத்தவர்களின் கோபம் பொய்யல்ல என்பதை ஆட்டக்காரர்களில் பாதிப் பேராவது அன்று ஒத்துக்கொண்டிருந்தால் மசோதாவுக்கே வேலை இருந்திருக்காது என்பது என் எண்ணம். பிரிட்டனில் இதை வேறு வழியில் செய்தார்கள். 2003-இல் தோன்றிய அந்நாட்டுச் சங்கம் நிலவுடைமையாளர்களை நேரில் கண்டு பேசி, எந்த நிலத்தில் என்ன நிபந்தனையோடு வைக்கலாம் என்று ஒப்பந்தங்கள் செய்து தொகுத்து வைத்தது. சலிப்பூட்டும் வேலை. விளையாட்டு உயிரோடிருப்பது அந்தச் சலிப்பான வேலையால்தான்.

இந்த விதிகளையெல்லாம் யார் காக்கிறார்கள்? உலகெங்கும் சில நூறு தன்னார்வலர்கள். ஒருவர் புதிய பெட்டியைப் பதிவு செய்தால், அது வெளிவரும் முன் அந்த வட்டாரத்துப் பரிசீலகர் ஒருவர் பார்க்கிறார். பக்கத்துப் பெட்டிக்கும் இதற்கும் குறைந்தது 161 மீட்டர், அதாவது ஒரு மைலில் பத்தில் ஒரு பங்கு, இடைவெளி உண்டா? நிலம் யாருடையது? உள்ளூர்ச் சட்டம் இடம்கொடுக்குமா? ஆணி அடித்த மரம் ஏதாவது உண்டா? பலர் புனைபெயரில்தான் வேலை செய்கிறார்கள். மறுப்பு வாங்கியவர் வசவை அனுப்புவார் என்பது அவர்களுக்குத் தெரியும். நம் ஏரிப் பாசனத்தில் மடையைத் திறந்து மூடும் நீர்க்கட்டிக்கு அறுவடையில் ஒரு பங்கு நெல் உண்டு. இவர்களுக்கு அதுவும் இல்லை.

பரிசீலகரும் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. பெட்டி இருக்கிறதா என்பதைத் தேடிப்போனவர்தான் சொல்ல வேண்டும். இங்கேதான் மனித சுபாவம் குறுக்கே வருகிறது. கண்டுபிடித்தவர் உடனே பதிவார். ஒரு மணி நேரம் தேடி வெறுங்கையோடு திரும்பியவர் பேசாமல் இருந்துவிடுவார். தோற்றதை ஊருக்குச் சொல்வானேன் என்ற கூச்சம். ஆனால் தொடர்ந்து நான்கு பேர் 'தேடினேன், கிடைக்கவில்லை' என்று எழுதினால்தான் வைத்தவருக்குத் தன் பெட்டி போய்விட்டது என்ற ஐயம் எழும். அவர் போய்ப் பார்க்காவிட்டால் பரிசீலகர் நினைவூட்டுவார், தற்காலிகமாக நிறுத்துவார், கடைசியில் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார். அங்கே பழைய பதிவுகளை அப்போதும் படிக்கலாம். இத்தனை பெரிய அமைப்பும் சிலர் தங்கள் தோல்வியை வெட்கப்படாமல் எழுதிவைப்பதைச் சார்ந்திருக்கிறது.

எதிர்த்திசையில் இழுப்பது எண்ணிக்கை மோகம். ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் எத்தனை கண்டுபிடித்தார் என்ற எண் நிற்கும். அந்த எண்ணுக்காகவே பிறந்தது பவர் டிரெயில். நெவாடா பாலைவனத்தில் இ.டி. நெடுஞ்சாலை ஓரமாக 161 மீட்டருக்கு ஒன்றாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள், பெரும்பாலும் பழைய ஃபிலிம் டப்பாக்கள். காரை நிறுத்தி, இறங்கி, எடுத்து, திரும்ப ஏறி, அடுத்ததற்கு ஓட வேண்டும். கையெழுத்துப் போடும் நேரத்தையும் மிச்சப்படுத்த, ஏற்கெனவே கையெழுத்திட்ட டப்பாவை வைத்துவிட்டு அங்கிருந்ததை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகும் வித்தையும் வந்தது. கிடைக்காத இடத்தில் தானே ஒரு புது டப்பாவைப் போட்டுக் 'கண்டேன்' என்று எழுதும் வித்தை வேறு. இதை விளையாட்டு என்று ஒப்ப என் மனம் இடம்தரவில்லை. கிரான்மியர் சேற்றில் நாள் முழுக்க நடந்து ஒரு சீட்டைப் போட்டவருக்கு, எத்தனையாவது சீட்டு என்ற கணக்குத் தேவைப்படவில்லை.

எண்ணிக்கையைக் காட்டிலும் என்னை உறுத்துவது உடைமை பற்றிய கேள்வி. பெட்டி வைப்பவர் தனி மனிதர், தன் காசில் வைக்கிறார். தேடுபவர் தனி மனிதர், தன் பெட்ரோலில் போகிறார். சரிபார்ப்பவர் கூலியில்லாமல் பார்க்கிறார். ஆனால் இவர்கள் எல்லோரும் எழுதிச் சேர்த்த கால் நூற்றாண்டுப் பட்டியல் ஐரிஷின் தளத்தை நடத்தும், சியாட்டிலில் உள்ள ஒரே தனியார் நிறுவனத்தின் கையில். அந்த நிறுவனத்தைப் பழிக்க நான் வரவில்லை. நன்கொடையாக வந்த 144 டி-சட்டைகளை விற்றுக் கணினிச் செலவைச் சமாளித்துத் தொடங்கியவர்கள் அவர்கள். சந்தா கட்டாதவர்களுக்கும் விளையாட்டைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். ஆனால் நிறுவனங்களின் மனம் மாறும். ஜிபிஎஸ் கருவி செய்யும் கார்மின் 2010 இறுதியில் இதற்குப் போட்டியாக ஒரு பட்டியலைத் திறந்து, 2015-இல் மூடிவிட்டது. அதில் மட்டும் பதிந்தவர்களின் உழைப்புக்கு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

பெட்டி வைத்தவர்களுக்கும் வயதாகிவிட்டது. 2000-இல் நாற்பது வயதில் காடேறியவர் இன்று அறுபத்தைந்தைத் தாண்டியிருப்பார். கான்சஸ் மாநிலத்தில் 2000 மே 11 அன்று வைத்த மிங்கோ என்ற பெட்டியை, இயங்குபவற்றில் மிகப் பழையது என்று தேடிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு பெட்டிக்கு இன்னொருவர் பொறுப்பேற்க வேண்டுமானால் இப்போதைய விதிப்படி வைத்தவரே சம்மதிக்க வேண்டும். அவர் சொல்லாமல் மறைந்துவிட்டால் பெட்டி பராமரிப்பின்றிச் சிதைந்து காப்பகத்துக்குப் போகும். உடைமையை மதிக்கும் விதி என்ற வகையில் இது சரி. ஆனால் அக்கம்பக்கத்து ஆட்டக்காரர்கள் பேணத் தயாராக இருக்கும்போதும் ஒரு பழைய பெட்டி அப்படிச் சாவது வீண். பெட்டியைப் பதியும்போதே வாரிசாக ஒருவர் பெயரைக் கேட்டு வாங்கிவிடலாம். பெயர் இல்லாத பழையவற்றுக்கு, வைத்தவரிடமிருந்து ஓராண்டுக்குப் பதில் வராவிட்டால், அந்த நாட்டுச் சங்கம் பொறுப்பேற்க வழிசெய்யலாம். அந்தந்த வட்டாரத்துப் பதிவுகளின் ஒரு நகலை ஆண்டுதோறும் அதே சங்கங்களிடம் ஒப்படைப்பதும் நிறுவனத்துக்குப் பெரிய செலவில்லை. சந்தா கட்டும் உறுப்பினர்கள் இதைக் கேட்டு எழுதலாம், மைக் டீக் ஒப்படைத்த பட்டியல் யார் கைக்கும் தாராளமாகப் போகக்கூடியதாக இருந்தது என்பதையும் சேர்த்து.