கல்லா... கள்ளா?

பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் "எந்த ஊரு சார்?" என்று கேட்டால் "கள்ளக்குறிச்சி" என்று சொல்லிப் பாருங்கள். "ஓ... அந்த..." என்று ஒரு இழுப்பு இழுப்பார். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதிலிருந்து, ஊர்ப் பெயரின் முதல் பாதிக்கு டி.வி. பார்க்கிறவர்கள் எல்லாம் அகராதி எழுதிவிட்டார்கள். மேற்கே நிற்கிற கல்வராயன் மலைக்கும் சாராய மலை என்று ஒரு முத்திரை.

உள்ளூர்ப் புலவர்களைக் கேட்டால் பெயரே 'கல்லை'தான் என்பார்கள். கல்லைக்குறிச்சி மருவிப்போச்சாம். குறிச்சி என்றால் குறிஞ்சி நிலத்து ஊர், அதில் தகராறு கிடையாது. முன்பாதியில்தான் வழக்கு. நான் பி.காம்., அதைத் தீர்த்து வைக்கிற யோக்யதை எனக்கு இல்லை. ஆனால், 'கல்' என்று வைத்துக்கொண்டால் இந்த மாவட்டத்துக்கு வரவுப் பக்கம் கொஞ்சம் கனம்தான்!

அந்தக் கல்லைத் தேடிப் போகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். நாலு பேர் சேர்ந்தால் ஒரு வரலாற்றுக் கழகம். தலைவர் ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். பொருளாளர் பாங்க்கில் வேலை பார்த்தவர், சுண்டல் செலவுக்குக்கூட வவுச்சர் கேட்பார். ஆண்டு விழாவில் தலைவருக்கும் செயலாளருக்கும் மாலை சைஸில் மனஸ்தாபம் வந்தால் அடுத்த வருஷம் ஊரில் இரண்டு கழகம். வீட்டில் சம்சாரம் கேட்பது ஒரே கேள்விதான்: "இதனால என்ன பிரயோஜனம்?"

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் பக்கெட், பிரஷ், தாள், மை சகிதம் கிளம்புவார்கள். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்கவேண்டும். காய்ந்து வரும்போது மேலே மையை ஒற்றினால் பள்ளத்தில் மை படாது. கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்து வந்து நிற்கும். மைப்படி என்று பெயர். இதைப் பண்ணி முடிப்பதற்குள் ஊரே கூடிவிடும். "புதையல் எங்கே இருக்குன்னு போட்டிருக்குதா சார்?" 'ஏரிக்கு மதகு வெச்ச கதை' என்றால் கூட்டம் கலைந்துவிடும். ஒருத்தரும் வரவில்லை என்றால் அந்தக் கல் யாராவது துணி துவைக்கப் போய்விடும்.

பிரயோஜனம் என்ன என்ற கேள்விக்குத் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் பதில் இருக்கிறது. அசோகர் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு 'சத்தியபுத்திரர்' என்று ஒரு பெயரையும் சேர்த்து எழுதிவிட்டுப் போய்விட்டார். யார் அந்த ஆசாமி? மராட்டியம் என்றார்கள், கேரளம் என்றார்கள். அறிஞர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 1981-ல் மாநிலத் தொல்லியல் துறையின் கே. செல்வராஜ், ஜம்பை மலைக் குகையில் ஒரே ஒரு வரித் தமிழ் பிராமியைக் கண்டுபிடித்தார். சத்தியபுத்திரன் அதியமான் நெடுமான் அஞ்சி இந்த இருப்பிடத்தைக் கொடுத்தான் என்று அதில் இருந்தது. ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்தாரே, அவரேதான்! ஐராவதம் மகாதேவன் எழுத்தைப் பார்த்துக் கி.பி. முதல் நூற்றாண்டு என்றார். அது போலி என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு (சந்தேகப்படாவிட்டால் அவர் அறிஞரே இல்லை).

எனக்கு ஆச்சரியம் அதியமான் மேல் இல்லை. அந்தக் குகையில் மழைக்கு ஒதுங்கியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வாசிக்கத் தெரிந்த ஒருத்தர் ஒதுங்குவதற்கு 1981 ஆகியிருக்கிறது.

இப்போது அந்த அளவு மோசம் இல்லை. திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் கபிலர் தீப்புகுந்ததைச் சொல்லும் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது; அந்த ஊர்ப் பண்பாட்டுக் கழகம் கபிலருக்கு விழா எடுத்து வந்திருக்கிறது. எல்லை தாண்டினால் வாணகோவரையர்களின் தலைநகரான ஆறகழூர். அந்த வட்டாரத்தில் சேலம் வரலாற்று ஆய்வு மையத்துக்காரர்கள் நடுகல், கல்வெட்டு என்று அலைகிறார்கள். கிடைத்ததை அச்சில் ஏற்றத் தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழ் 1991-ல் ஆரம்பமானது.

சரி, மலைக்கு வருவோம்.

கல்வராயன் மலையில் இருக்கிறவர்கள் மலையாளிகள். உடனே புட்டு, கடலைக் கறியை நினைக்காதீர்கள். மலையை ஆள்கிறவர் மலையாளி, பேசுவது சுத்தமான தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வம்சம் என்று கதை சொல்வார்கள். 1906-ல் வந்த பிரான்சிஸ் துரையின் தென்னார்க்காடு கெஜட்டியரில் இந்த மலைக்கும் இடம் உண்டு. மலையின் இந்தப் பக்கம் சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகிர். நாடு சுதந்திரம் வாங்கி 29 வருஷம் கழித்து, 1976-ல்தான் அரசாங்கம் ஜாகிரைக் கையில் எடுத்தது. கீழே நம் அப்பாக்கள் எமர்ஜென்சி பற்றிக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தபோது மேலே ஜாகிர்தார்!

சாராயச் சாவுக்கு அப்புறம் 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் நிலைமை பற்றித் தானாகவே வழக்கு எடுத்தது. அப்போதுதான் இந்த ஜாகிர் கதை பேப்பர் படிக்கிறவர்கள் காதுக்கு வந்தது. அதற்கு இத்தனை பிணம் விழ வேண்டியிருந்தது.

இப்போது சம்சாரத்தின் கேள்விக்கு இன்னொரு பதில். 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே பழங்குடியினர் காட்டு நிலத்தில் குடியிருந்து உழுதிருந்தால் உரிமை கேட்கலாம். அதற்கு என்ன ஆதாரம் என்று விதியைப் படித்துப் பார்த்தேன், அசந்துவிட்டேன். பத்திரம் இருந்தால்தான் ஆச்சு என்று இல்லை. கெஜட்டியர் செல்லும். பழைய கிணறு செல்லும். சுடுகாடு, சாமி இருக்கிற இடம் செல்லும். மனு போட்டவர் அல்லாத பெரியவர் சொன்னதை எழுத்தில் எழுதினால் அதுவும் செல்லும். எந்தத் தாலுகா ஆபீஸிலாவது இவ்வளவு தாராளத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

ஆனால், அந்தச் சுடுகாடு எங்கே, கிணறு யார் வெட்டியது என்று எழுதி வைத்தவர் யார்? பெரியவருக்கு எண்பது வயசு. அடுத்த மழைக்கு அவர் இருப்பாரா என்பது சந்தேகம். நம் கழகங்கள் ராஜாக்களை விட்டுக் கீழே இறங்குவதில்லை. மெய்க்கீர்த்தி இல்லாத கிழவர் என்றால் நோட்டையே எடுப்பதில்லை. இதில் மட்டும் எனக்கு அவர்கள் மேல் கோபம் உண்டு.

கச்சிராயபாளையம் தாண்டினால் மலை ரோடு வெள்ளிமலைக்கு ஏறுகிறது. பக்கெட்டும் மையும் வேண்டாம். இருநூறு பக்க நோட்டு ஒன்று, பேனா இரண்டு. பெரியவர் பெயர், அவர் தாத்தா பெயர், கிணறு, சுடுகாடு, சாமி. கீழே கையெழுத்தோ கைநாட்டோ, தேதி. பஸ் டிக்கெட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பொருளாளர் கேட்பார்.