வாயு என்று ஒரு பொய்

நம் தெருப் பெண்களுக்கு வருகிற மார்வலிக்கு ஒரே பெயர்தான்: வாயு. பூண்டைத் தட்டிப் போடு, ஓமத்தண்ணி குடி, கடையில ரெண்டு மாத்திரை வாங்கு. அடுத்த மாசம் மறுபடியும் 'மாரப் புடிச்சிக்கிச்சி'. நாற்பது வயசுக்குள் மூச்சு முட்டி நிற்கிற அம்மாக்களுக்கும் அக்காக்களுக்கும் இந்தச் சமூகம் தந்திருக்கிற வைத்தியம் இவ்வளவுதான்.

நான் டாக்டர் இல்லை, வங்கி குமாஸ்தா. எங்கள் கிளை மாடியில் இருக்கிறது. குழுக்கடன் தவணை கட்ட வரும் பெண்கள் படியேறி வந்து, மாரில் கை வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "ஒண்ணுமில்ல தம்பி, வாயு." கண்ணின் கீழிமை வெளுத்திருக்கும், நகமும் வெளுத்திருக்கும். அவர்களில் ஒரு அக்காவுக்கு ஒரு மருத்துவமனையில் ஈசிஜி எடுத்து, எல்லாம் சரியா இருக்கு, மனசுதான் காரணம் என்று அனுப்பிவிட்டார்கள். ரத்தத்தைச் சோதிக்கவில்லை. பிறகு வேறு இடத்தில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7. பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும்.

விஷயம் எளிதானது. உடம்பெங்கும் பிராணவாயுவைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதைச் செய்ய இரும்புச்சத்து வேண்டும். சோற்றில் அது இல்லையென்றால் ரத்தம் சோகை பிடிக்கும். குறைவான சரக்கை அதிக நடை சுமக்கிற கூலியாள் மாதிரி இதயம் வேகவேகமாக அடிக்கும். அந்த இதயத் தசைக்கே பிராணவாயு போதாமல் போகும்போது மார் வலிக்கும். ரத்தக்குழாயில் ஏற்கெனவே அடைப்பு இருந்தால் வலி இன்னும் சீக்கிரம் வரும். வியர்த்துக்கொட்டி, தோளுக்கோ தாடைக்கோ வலி பரவினால் பூண்டு தேடாதீர்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்தியா முழுக்கப் பெண்களில் 57, ஆண்களில் 25. மாசாமாசம் போகும் ரத்தம், அடுத்தடுத்த பிரசவம், வெறுங்காலோடு சேற்றில் நிற்பவளுக்குள் ஏறும் கொக்கிப்புழு, எல்லோரும் தின்ற பிறகு சட்டியைச் சுரண்டும் வழக்கம். இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்த 'வாயு'.

வயிறு நிறையுதே என்பார்கள். 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். அது பட்டினியைத் தடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் வெறும் அரிசிச் சோறு என்ன செய்யும் என்பது நூறு வருஷத்துக்கு முன்பே தெரியும். தீட்டிய அரிசியையே நம்பியிருப்பவரின் இதயத்தையும் நரம்பையும் தாக்கும் பெரிபெரி நோயை ஆராய 1918இல் குன்னூரில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார் ராபர்ட் மெக்கரிசன். சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் திடமாக வளர்ந்தன, மெட்ராஸ் ஏழையின் சோற்றைத் தின்ற எலிகள் நலிந்தன என்று காட்டியவர் அவர்.

அந்தக் கூடம்தான் இன்று ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பருப்பு, முட்டை, மீன், கறி எல்லாம் சேர்த்து 85 கிராம் வேண்டும் என்கிறது அது. ரேஷனில் பருப்பு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ. நாலு பேர் வீட்டில் தலைக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம். மீதியைக் கூலியில் வாங்க வேண்டும். கூலியோ தவணைக்கே பத்தவில்லை.

டாக்டர்கள் மாதுளை சாப்பிடு, பேரீச்சை சாப்பிடு என்கிறார்கள். நம் கைக்கெட்டும் விலையில் இரும்பும் புரதமும் பி12ம் தருகிற மாட்டுக்கறியையும் ஈரலையும் வாய்திறந்து சொல்ல யோசிக்கிறார்கள். கீரையில் உள்ள இரும்பைவிடக் கறியில் உள்ளதை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும் என்பது அவர்கள் படித்த பாடம்தான். மாட்டுக்கறி தின்றதில்தான் தீண்டாமையின் வேர் இருக்கிறது என்று அம்பேத்கர் 1948இல் நூலே எழுதினார். அந்த அருவருப்பு இன்றைக்கு மருந்துச்சீட்டு வரைக்கும் வந்து நிற்கிறது.

எங்கள் ஊரையே பாருங்கள். 2023 ஆகஸ்டில் இங்கு வந்த ஆளுநர் ஆர்.என்.ரவி, கிரிவலப் பாதையில் அசைவக் கடைகள் இருப்பது பக்தர்களுக்கு வேதனை என்ற பொருளில் பேசினார். பௌர்ணமி தோறும் பதினாலு கிலோமீட்டர் பாதையில் அன்னதானம் நடக்கிறது. விடிந்ததும் எச்சில் தட்டுகளை வாரும் பெண்ணின் ரத்தத்தில் எவ்வளவு இரும்பு என்பது யாருக்கும் வேதனை தரவில்லை.

நாம் கேட்க வேண்டியது இவைதான். மார்வலி என்று வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஈசிஜியோடு ரத்தச் சோதனையும் செய். இரும்பு மாத்திரை தட்டுப்பாடில்லாமல் கொடு. ரேஷனில் பருப்பைக் கூட்டு, முட்டையையும் கேழ்வரகையும் சேர். வீட்டுக்குள்ளும் ஒன்று: ஆம்பளைத் தோழர்களே, பொம்பளைங்க முதலில் சாப்பிடட்டும். சாப்பாட்டோடு டீ வேண்டாம், அது இரும்பைச் சேரவிடாது; எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தையில் கறி வாங்கினால் பையை மறைக்காதீர்கள்.

தின்னக் கூடாதென்று தடுத்ததும் தின்ன முடியாமல் வைத்திருப்பதும் ஒரே சாதிதான். மார்வலிக்கு வாயு என்று பெயர் சொல்லும்வரை அது தப்பித்துக்கொண்டே இருக்கும்.